சிலிண்டரும் சான்றிதழும்

இரவு படுக்கப் போகும் முன் கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடுவது எங்கள் வீட்டில் என் பொறுப்பு. மூடிவிட்டுப் படுப்பேன். மூடினேனா என்று சந்தேகம் வரும். எழுந்து போய்ப் பார்ப்பேன். மூடித்தான் இருக்கும். வந்து படுத்தால், இப்போது பார்த்தபோது கைபட்டுத் திறந்திருந்தால்? மறுபடி எழுவேன். பதினொரு மணிக்கு ஆரம்பிக்கும் பாதயாத்திரை ஒன்றரை வரை நடக்கும்.

"நீங்க பாக்குற பார்வையில சிலிண்டருக்கே வெக்கமா இருக்கும்" என்றாள் மனைவி. சிலிண்டரே வேண்டாம் என்று ஒரு இன்டக்ஷன் அடுப்பும் வாங்கினாள். அன்று முதல் அதன் ப்ளக்கையும் சேர்த்துப் பார்க்கிறேன்.

"யாராவது டாக்டரைப் பாருங்க" என்றாள் ஒருநாள். இந்த வாக்கியம் என் தலைமுறையின் காதில் 'கீழ்ப்பாக்கம்' என்றுதான் விழும். அங்கே இருக்கும் மனநல மருத்துவமனையின் வரலாறு 1794-இல் தொடங்குகிறது. எத்தனையோ குடும்பங்களுக்கு விளக்கேற்றிய இடம். நாமோ அதைச் சண்டையில் எதிராளியை அனுப்பிவைக்கும் ஊராக்கிவிட்டோம். நானே என் சர்வீஸில் பத்துப் பேரை அனுப்பியிருப்பேன், இரண்டு மேலதிகாரிகள் உட்பட. இப்போது நானே போவதா? அதனால் இரண்டு தெரு தள்ளி, தையல் கடை மாடியில் 'மனநல ஆலோசகர்' என்று போர்டு போட்டிருந்தவரிடம் போனேன். தேர்ந்தெடுத்த காரணம், கீழே வண்டி நிறுத்த இடம் இருந்தது. மிக்ஸி வாங்க நாலு கடை ஏறி இறங்கி, ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தடவிப் பார்த்தவன் நான்.

சுவரில் பதினாலு சான்றிதழ்கள் தொங்கின. எண்ணினேன், எண்ணுவதும் வியாதியில் சேர்த்தி. மூன்று நாள் ஹிப்னாடிசப் பயிற்சி, கையெழுத்து ஆராய்ச்சி, எந்த நாட்டில் இருக்கிறது என்றே தெரியாத பல்கலைக்கழகத்தின் கௌரவ டாக்டர் பட்டம். லேமினேஷன் பிரமாதம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என் பிரச்சினை கையெழுத்தில் இருக்கிறது, கடைசி இழுப்பு கீழே விழுகிறது, மேலே தூக்கிவிடுங்கள் என்றார். 1,500 ரூபாய். தூக்கிவிட்டேன். மறுவாரம் பேங்க்கிலிருந்து செக் திரும்பி வந்தது.

கோவையில் உளவியல் இளங்கலை படிக்கும் மகள் போனில் கேட்டாள். "அவர் என்ன படிச்சிருக்காருப்பா?"

"டாக்டர்மா."

"எதுல?"

எதில் என்று நான் கேட்கவில்லை. ரெகுலேட்டரை ஏழு முறை பார்க்கிறவன், மூளையைக் கழற்றிக் கொடுத்த இடத்தில் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

அப்புறம் அவள் பாடம் எடுத்தாள். அப்பாவுக்குப் பாடம் எடுக்கும் வாய்ப்பு பிள்ளைகளுக்கு லேசில் அமையாது, அவசரமே படவில்லை. சைக்கியாட்ரிஸ்ட் என்றால் ஐந்தரை வருடம் எம்.பி.பி.எஸ். படித்து, அதன் மேல் மூன்று வருடம் எம்.டி. படித்தவர், மாத்திரை எழுதலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், உளவியலில் முதுகலை முடித்து, பெரும்பாலும் அதற்கு மேல் இரண்டு வருடம் எம்.பில். படித்தவர். அந்த இரண்டு வருடமும் மூத்தவர்களின் கண்பார்வையில் நோயாளிகளைப் பார்த்துப் பழக வேண்டும். பேச்சாலும் பயிற்சியாலும் சிகிச்சை தருவார், மாத்திரை எழுத மாட்டார். முனைவர் பட்டம் வாங்கியவரும் டாக்டர்தான். எலியின் ஞாபகசக்தியை ஆராய்ந்து வாங்கியிருந்தாலும் டாக்டர்தான். 'கவுன்சிலர்' என்ற சொல்லோ சத்திரத்துத் திண்ணை மாதிரி, யார் வேண்டுமானாலும் ஏறி உட்காரலாம். அதிலும் முறையாகப் படித்த நல்லவர்கள் உண்டு, ஆனால் போர்டை மட்டும் பார்த்து அவர்களைப் பிரித்தெடுக்க முடியாது என்றாள்.

"கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு இருக்கணும். அவங்க வெப்சைட்லயே பேரைப் போட்டுத் தேடலாம்."

சரிபார்க்க ஒரு பட்டியல் இருக்கிறது என்று என்னிடமா சொல்வது! அன்றிரவு சிலிண்டர் பக்கமே போகவில்லை. அந்தக் கவுன்சிலுக்கான 1992-ஆம் வருடச் சட்டத்தையே எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். பதிவில்லாமல் இந்தத் தொழிலைச் செய்தால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தைவிட ஐந்நூறு ரூபாய் அதிகமாகவே நான் ஃபீஸ் கொடுத்திருக்கிறேன்.

நாலு பேரை அலசி ஒருவரைப் பிடித்தேன். பட்டம் எம்.பில். என்றதும் புதுச் சந்தேகம். யு.ஜி.சி. எம்.பில்.லை 2022-இல் நிறுத்திவிட்டதே? மகளை இரவு பதினொன்றேகாலுக்கு எழுப்பினேன். "அவங்க அதுக்கு முன்னாடியே முடிச்சவங்கப்பா. அதோட, இந்தப் படிப்புக்கு மட்டும் தனியா நீட்டிப்பு கொடுத்திருந்தாங்க. தூங்குங்க."

அந்த அம்மாளுக்கு என் மூத்த அக்கா வயது இருக்கும். சுவரில் ஒரு மளிகைக்கடைக் காலண்டர் மட்டும் தொங்கியது. பதிவு எண் லெட்டர்பேடில் சின்னதாக இருந்தது. முதல் ஒரு மணி நேரம் கேள்விகள்தான். கையெழுத்தைக் கேட்கவே இல்லை. கடைசியில் வீட்டுப்பாடம் கொடுத்தார். ரெகுலேட்டரை ஒருமுறை மூடிவிட்டு வந்து படுக்க வேண்டும், எழக்கூடாது. தவிப்பு ஏறும், ஏறட்டும். தானாக வடியும் வரை படுத்திருக்க வேண்டும். மனைவியிடம், "மூடிட்டீங்கன்னு நீங்களும் சொல்லக்கூடாது" என்றார். முப்பது வருடமாக என்னிடம் பேச வேண்டாம் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தவள் போல் தலையாட்டினாள்.

"மாத்திரை?" என்றேன்.

"தேவைப்பட்டா சைக்கியாட்ரிஸ்டுக்கு லெட்டர் தரேன். அது அவங்க வேலை."

எனக்கு நம்பிக்கை வந்ததே அந்த இடத்தில்தான். தையல் கடை மாடிக்காரருக்குத் தெரியாதது என்று எதுவுமே இருக்கவில்லை.

கிளம்பும்போது, "என்னை எப்படித் தேடிப் பிடிச்சீங்க?" என்று கேட்டார். பதிவேட்டில் சரிபார்த்த கதையைப் பெருமையாகச் சொன்னேன்.

"எத்தனை தடவை பாத்தீங்க?"

"ஒரு தடவை."

கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஆறு. காலையில கிளம்பும்போது பாத்ததையும் சேர்த்து."

"லிஃப்ட்ல ஒண்ணு" என்றாள் மனைவி.

அவர் பேனாவை எடுத்து ஃபைலில் ஏதோ எழுதினார். ஆறா, ஏழா என்று தெரிந்துகொள்ள நான் எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.