அத்தனையும் ஆண்பிள்ளை

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் பச்சையாக எது இருந்தாலும் கேட்டுவிட்டுத்தான் குடிக்க வேண்டும். என் கணவரின் பெரியப்பா வந்துபோன பிறகு அமலுக்கு வந்த சட்டம் இது. அவருக்குச் சர்க்கரை. ஃபிரிட்ஜ் கதவில் இருந்த பாட்டிலைப் பார்த்து, "அருகம்புல்லா, வல்லாரையா?" என்று கேட்டுக்கொண்டே டம்ளரில் ஊற்றிவிட்டார். நான் ஓடி வருவதற்குள் ஒரு வாய் உள்ளே போயிருந்தது. "நல்லாத்தான் இருக்கு, உப்புதான் கொஞ்சம் தூக்கல்" என்றார்.

அது நானோகுளோராப்சிஸ் என்கிற கடல்பாசி. பெரியப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் க்ளௌன் மீன் குஞ்சுகளின் சாப்பாடுதான் ஒரு டம்ளர் குறைந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், சாப்பாட்டின் சாப்பாடு.

கப்பி, மோலி வளர்த்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புரியாது. அவை குட்டி போட்டதும் தீனியைப் பொடித்துத் தூவினால் போதும். க்ளௌன் மீன் குஞ்சு முட்டையை விட்டு வரும்போது 3, 4 மில்லிமீட்டர்தான் இருக்கும். அதில் பெரும்பகுதி கண். கண்ணெதிரே உயிரோடு துடிக்கிற இரையைத்தான் கொத்தும், அதுவும் அந்த வாய்க்குள் நுழைகிற அளவில் இருக்க வேண்டும். அப்படி ஓர் உயிர் உண்டு. பெயர் ரோட்டிஃபர், நீளம் 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர். அது பாசி தின்னும். பாசி உரமும் வெளிச்சமும் தின்னும். ஆக, மீனுக்கு ரோட்டிஃபர், ரோட்டிஃபருக்குப் பாசி, பாசிக்கு நான். பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் உணவுச் சங்கிலி படம் போட்டுப் பாடம் நடத்துகிறேன். அதில் பாசிக்கும் கீழே ஒரு படி இருப்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது. க்ளௌன் மீன்களைப் பொரிக்கவைத்து வளர்க்கும் முறையை நம் ஊருக்குத் தகுந்தபடி வகுத்தவர்களில் அவர்களுக்கு முக்கிய இடம் உண்டு. பெரிய பொரிப்பகங்களில் பாசிக்கென்றே ஏசி அறை இருக்கும். பெரம்பூரில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டில் மனிதருக்கே ஒரு ஏசிதான். எனவே பாசிக்குச் சமையலறை ஜன்னலும், ஒரு ட்யூப்லைட்டும், கழுத்தில் காற்றுக்குழாய் செருகிய இரண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில்களும் ஒதுக்கப்பட்டன. வேலைக்கு வரும் அக்கா முதல் நாளே அவற்றை அழகாகக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டார். ஊறல் போட்டு எதுவோ கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தாராம். பாட்டில் அவ்வளவு பளபளப்பாக இருந்தது, திட்டவும் மனம் வரவில்லை.

அடுத்தது கடல். கடலை ஒட்டிய ஊரில் இருந்துகொண்டு காசு கொடுத்து உப்பு வாங்கிக் கடல் செய்வது எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் நம் கரையோரத் தண்ணீரில் மீனைத் தவிர எல்லாம் கலந்திருக்கிறது. ஆர்.ஓ. தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு கலந்து, ஹைட்ரோமீட்டர் 1.025 காட்டும்வரை கிண்டினால் ஒரு வாளிக் கடல் கிடைக்கும். "சாம்பாருக்கு இவ்வளவு அளந்து போட்டிருந்தா…" என்று ஆரம்பித்த கணவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு வாக்கியத்தை அந்தரத்திலேயே விட்டுவிட்டார்.

குஞ்சுகளின் பெற்றோர் கொளத்தூரிலிருந்து வந்தவர்கள். அங்கே தெருத்தெருவாக மீன் கடைகள். 2003இல் 'ஃபைண்டிங் நீமோ' வந்த பிறகு குழந்தைகளுக்கு இந்த மீனின் பெயரே நீமோதான். அந்தப் படத்தில் தாய் இறந்துபோக, அப்பா தனியாளாகப் பிள்ளையை வளர்ப்பார். நிஜத்தில் அப்படி நடந்தால் அப்பாவே அம்மாவாக மாறிவிடுவார். க்ளௌன் மீன்கள் எல்லாம் முதலில் ஆண்கள். கூட்டத்தில் பெரியது எதுவோ அது பெண், அதற்கு அடுத்தது புருஷன், மற்றவை வாயைத் திறக்காமல் வரிசையில் நிற்க வேண்டியவை. பெண் போய்விட்டால் புருஷன் பதவி உயர்வு பெறுவார். இதைச் சாப்பாட்டு வேளையில் விளக்கினேன். கணவர் மோர் கேட்டார்.

மாமியாருக்குத்தான் விஷயம் பிடித்துப்போயிற்று. மீன் தொட்டிக்குள் இருந்த மண் சட்டியின் உட்பக்கத்தில், கேசரி ரவையை ஒட்டிவைத்தது போல ஆரஞ்சு நிறத்தில் முட்டைகள். அப்பா மீன் இடத்தை விட்டு நகராமல் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். வாயால் ஒவ்வொன்றாகத் துடைக்கும். கெட்டுப்போன முட்டையைத் தின்றுவிடும். அம்மா சுற்றுப்புறக் காவல். தொட்டிக்குள் கை விட்டால் இரண்டும் சேர்ந்து கடிக்கும். அத்தை நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஈசிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மகனின் காதில் விழும்படி, "நல்ல வளர்ப்பு" என்றார்.

ஒரு வாரத்துக்குள் முட்டைகள் கறுத்து, அவற்றுக்குள் வெள்ளிக் கண்கள் மினுங்கத் தொடங்கும். அப்படி மினுங்கினால் அன்றோ மறுநாளோ பொரிக்கும். ஆனால் விளக்கு அணைந்து நன்றாக இருட்டிய பிறகுதான். மாலையிலேயே முட்டைச் சட்டியைக் குஞ்சுத் தொட்டிக்கு மாற்றி, அடியில் காற்றுக்கல் வைத்து, விசிறும் பொறுப்பை அப்பாவிடமிருந்து மோட்டாருக்குக் கைமாற்ற வேண்டும். சுற்றிலும் கறுப்பு சார்ட் ஒட்ட வேண்டும். தொட்டி ஹாலில் இருப்பதால் டிவியும் கூடாது. அத்தையின் சீரியல் நேரம் அது. அந்த வாரம் கதாநாயகிக்கு ஜெயிலா விடுதலையா என்பது தெரியவேண்டிய கட்டம். அத்தை ரிமோட்டை என் கையில் கொடுத்து, "அது எப்படியும் நாளைக்கும் ஜெயில்லதான் இருக்கும்" என்றார். இந்தத் தியாகத்தை நான் எந்நாளும் மறக்க மாட்டேன், மறக்க அவரும் விட மாட்டார்.

இருட்டில் ஒரு மணி நேரம் கழித்து மூலையில் டார்ச் அடித்துப் பார்த்தோம். வெளிச்சத்தை நோக்கிக் கண்ணாடி இழைகள் மாதிரி ஒரு கும்பல் நெளிந்து வந்தது.

அதன்பின் ஒரு வாரத்துக்கு நான் மனுஷியாக இல்லை. தண்ணீரில் ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து ரோட்டிஃபராவது இருக்க வேண்டும். குறைந்தால் பட்டினி, கூடினால் அம்மோனியா. காற்றுக்குழாயால் அடியில் கிடக்கும் கசடை உறிஞ்சி எடுக்க வேண்டும், கசடோடு குஞ்சு வந்துவிட்டதா என்று வாளியைத் துழாவ வேண்டும். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் ஃபேனுக்கா மீனுக்கா என்று ஒரு பஞ்சாயத்து. முதல் சில நாட்களில் நிறையக் குஞ்சுகள் போய்விடும், அனுபவசாலிகளுக்கும் அப்படித்தான். 1970களின் தொடக்கத்தில் ஃப்ளோரிடாவில் மார்ட்டின் மோ இந்த மீனை விற்பனை அளவுக்கு வளர்த்துக் காட்டினார். அவர் வீட்டில் யார் சீரியலை விட்டுக்கொடுத்தார்கள் என்பதையும் வரலாறு எழுதிவைத்திருக்கலாம்.

ரோட்டிஃபர் பாட்டிலில் வேறொரு கூத்து. அங்கே அத்தனையும் பெண்கள். சாப்பாடும் தண்ணீரும் சுகமாக இருக்கும்வரை ஆண் துணை இல்லாமலே பெருகிக்கொண்டிருப்பார்கள். நெருக்கடி வந்தால்தான் ஆண்களையே பெறுவார்கள். இந்தத் தகவலை நான் சாப்பாட்டு வேளையில் சொல்லவில்லை. கணவர் ஏற்கெனவே போதுமான அளவு மோர் குடித்திருந்தார்.

குஞ்சுகள் கொஞ்சம் பெருத்ததும் ஆர்ட்டீமியா என்கிற உப்பு இறால். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து உப்பு ஏரியிலிருந்து டப்பாவில் அடைத்து வருகிற காய்ந்த முட்டைகள். உப்புத் தண்ணீரில் போட்டால் ஒரு நாளில் பொரிந்துவிடும். எனக்கோ இதுவரை பாஸ்போர்ட் கிடையாது. என் மீன்களுக்குக் காலை டிபனே வெளிநாடு.

பத்துப் பன்னிரண்டு நாளில் உடம்பு நிறம் கூடி, தலையில் வெள்ளைப் பட்டை விழும். பிறகு நடுவில், கடைசியாக வாலோரம். பட்டை விழுந்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும். சிலவற்றுக்குப் பட்டை பாதியில் நின்றுவிடுகிறது, சிலவற்றுக்குக் கோணலாகப் போகிறது. கடைக்காரர் ஒன்றைக் காட்டி, "பட்டை சரியில்லைம்மா, விலை குறையும்" என்றார். பக்கத்துத் தொட்டியில் உடம்பெல்லாம் வெள்ளை தெறித்த ஒரு மீனுக்கு நாலு மடங்கு விலை எழுதியிருந்தது. "அது ஸ்னோஃப்ளேக்" என்றார். அதாவது கோணல் கொஞ்சமாக இருந்தால் குறை, தாராளமாக இருந்தால் ரகம்.

எனவே கடைக்குப் போகாமல் அக்கம்பக்கத்தில் கொடுக்கத் தொடங்கினேன். எதிர் ஃபிளாட் அக்கா பாத்திரத்தோடு வந்தார்.

"ஜோடியா குடும்மா. ஆண் ஒண்ணு, பெண் ஒண்ணு."

"எல்லாமே இப்போதைக்கு ஆண்தான்க்கா. ரெண்டை ஒண்ணா விட்டா கொஞ்ச நாள் முட்டி மோதும். ஜெயிக்கிறது பெரிசாகிப் பெண்ணாயிடும். தோத்தது அடங்கி நின்னு முட்டைக்கு விசிறும்."

அக்கா தொட்டியை நிதானமாகப் பார்த்தார்.

"அப்போ ஒண்ணு பெரிசா, ஒண்ணு சின்னதா பாத்துக் குடு. சண்டை சீக்கிரம் முடியட்டும். எங்க வீட்டுல முடியப் பத்து வருஷம் ஆச்சு."