பதினான்கு பக்கமும் அரைத் தாளும்

இந்தக் கட்டுரையை எழுதுகிற ஆசாமி திருப்பாச்சூர்க்காரர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவர். போன மாதம் மனைவியின் நச்சரிப்புத் தாங்காமல் மாஸ்டர் செக்கப் செய்துகொண்டார். வெறும் வயிற்றோடு போனவருக்கு ரத்தம் எடுத்த பிறகு இரண்டு இட்லி கொடுத்தார்கள். மாலையில் பதினான்கு பக்க ரிப்போர்ட் கொடுத்தார்கள். இரண்டில் அவருக்குப் புரிந்தது இட்லி மட்டும்.

ரிப்போர்ட்டில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, டிஎஸ்ஹெச் என்று வாக்காளர் பட்டியல் மாதிரி பெயர்கள் வரிசையாக நின்றன. சில எண்களுக்குப் பக்கத்தில் தடித்த எழுத்தில் ‘ஹெச்’, ஒன்றுக்கு ‘எல்’. ஹெச் என்றால் ஹார்ட், எல் என்றால் லிவர் என்று அவராகவே முடிவுகட்டி, வைட்டமின் டிக்கு எதிரே எல் இருந்ததைப் பார்த்து ஈரலுக்காக ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. ஹெச் அதிகம், எல் குறைவு என்பது காலையில் பேரன் சொல்லித்தான் தெரிந்தது.

ஸ்கேன் பக்கத்தில் இன்னொரு அவமானம். கணையத்துக்கு எதிரே ‘அன்ரிமார்க்கபிள்’ என்று போட்டிருந்தது. அகராதியைப் புரட்டினார்: சொல்லிக்கொள்ளும்படி ஏதுமற்றது. இத்தனை வருஷக் கல்யாணச் சாப்பாட்டையும் ஜீரணித்துக் கொடுத்த கணையத்துக்கு இதுதானா மரியாதை? ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஓர் உறுப்புக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய பாராட்டே அதுதான் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அவருக்கு எரிச்சல் வந்ததற்கு வேறு காரணமும் உண்டு. கம்பெனியில் பாய்லருக்கு ஒரு கேஜ் இருக்கும். முள் பச்சையில் நின்றால் சரி, சிவப்பைத் தொட்டால் ஓட வேண்டும். உற்பத்திக்கு ‘கன்ட்ரோல் சார்ட்’ உண்டு. அமெரிக்காவில் வால்டர் ஷூவர்ட் 1924-இல் வகுத்த முறை அது. மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, நடுவில் புள்ளிகள். புள்ளி கோட்டைத் தாண்டினால், நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன்கூட இயந்திரத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுவான். அந்த இயந்திரத்தை ஓட்டியவர்களின் உடம்புக்கோ வெறும் பட்டியல்தான். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987-இல் சேர்த்த 41சி பிரிவு, அபாயகரமான வேலை செய்பவர்களுக்குப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது மருத்துவப் பரிசோதனை வேண்டும், அந்தப் பதிவேடு தொழிலாளி பார்க்கக் கிடைக்க வேண்டும் என்றது. பார்த்தால் புரிய வேண்டும் என்று சொல்லவில்லை.

மனைவிக்குக் குழப்பமே இல்லை. “அமாவாசைக்கு வீரராகவர் கோயிலுக்குப் போய்க் குளத்துல வெல்லம் கரைச்சுட்டு வந்துடலாங்க” என்றார். திருவள்ளூர்ப் பெருமாளுக்கு வைத்திய வீரராகவர் என்றே பெயர். வெல்லம் கரைவதுபோல நோய் கரையும் என்பது கணக்கு. வைத்தீஸ்வரன்கோயில், சமயபுரம் பக்கம் போனால் கண், கை, கால் பொறித்த தகடு விற்பார்கள். எந்த உறுப்பில் கோளாறோ அதை வாங்கி உண்டியலில் போட வேண்டும். நோயாளியும் கடவுளும் ஒரே பார்வையில் விஷயத்தைப் புரிந்துகொள்ள நம் ஊர் கண்டுபிடித்த வழி அது.

மருத்துவர்களுக்கும் இந்த வித்தை தெரியாததல்ல. ஜெர்மனியில் வுண்டர்லிஷ் 1868-இல் காய்ச்சலைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதி, வெப்பமானி காட்டிய எண்களை ஏறி இறங்கும் கோடாக்கிப் படித்தார். பிரசவ வார்டில் ‘பார்ட்டோகிராஃப்’ என்று ஒரு தாள் உண்டு. கருப்பை வாய் விரிவதை மணிக்கணக்கில் புள்ளியாக வைத்துக்கொண்டே வருவார்கள். 1972-இல் ஃபில்பாட், காஸில் என்ற இரு மருத்துவர்கள் ஆப்பிரிக்காவில் அதில் எச்சரிக்கைக் கோட்டைச் சேர்த்தார்கள். புள்ளி அந்தக் கோட்டுக்கு வலப்பக்கம் போனால், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதைப் பற்றி யோசிக்க வேண்டும். பிறக்கும் குழந்தைக்குப் படம் உண்டு, பிறந்த பிறகு அங்கன்வாடியில் எடை பார்த்துக் குறிக்கப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சுப் பட்டைகள் போட்ட அட்டை உண்டு. ஐந்து வயது தாண்டியவன்தான் அநாதை.

எதிர்வீட்டில் இருப்பவர் அங்கன்வாடி ஆசிரியை. ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தவர் பேரனின் கலர் பென்சிலைக் கேட்டார். ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு நீளக் கோடு, நடுவில் பச்சை, ஓரத்தில் மஞ்சள், அதற்கப்பால் ஆரஞ்சு. “இதுதான் நீங்கண்ணா” என்று ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி வைத்தார். பதினான்கு பக்கம் அரைத் தாளாயிற்று. நாற்பத்து நான்கு புள்ளிகளில் நாற்பத்தொன்று பச்சையில். மூன்று மஞ்சளில்: வைட்டமின் டி, டிரைகிளிசரைடு, ஹெச்பிஏ1சி. ஆரஞ்சில் ஒன்றும் இல்லை. ஒரு ராத்திரித் தூக்கம் வீணாகப் போயிருந்தது.

பேரன் சும்மா இருப்பானா? மூன்று வருஷ வெறும் வயிற்றுச் சர்க்கரையைக் கம்ப்யூட்டரில் போட்டுப் படம் வரைந்தான். 98, 101, 104. திருத்தணி மலைப் படிக்கட்டு மாதிரி செங்குத்தாக ஏறியது. தாத்தா பதறிப்போய்ப் பார்த்தால் படத்தின் அடிக்கோடு 97-இல் தொடங்கியிருந்தது. அதை 60-இலிருந்து வரையச் சொன்னதும் மலை மேடாகிவிட்டது. மேடுதான், ஆனாலும் ஏற்றம். படமும் பொய் சொல்லும் என்பது தரக்கட்டுப்பாட்டில் இருந்தவருக்குப் புதிதல்ல.

இன்னொரு கணக்கும் அவருக்குப் பிடிபட்டது. ‘நார்மல்’ என்று அச்சிடும் எல்லைகளில் பல, ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் உள்ளே வருகிற மாதிரி போட்டவை. ஒன்றையொன்று சாராத இருபது பரிசோதனை செய்தால், நல்ல உடம்புக்காரருக்கும் ஒன்றாவது வெளியே விழ 64 சதவீத வாய்ப்பு உண்டு. ஆனால் சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையைச் சொல்லும் ஹெச்பிஏ1சி அந்த ரகமல்ல. அது நோய் வரும் ஆபத்தைப் பார்த்து வைத்த எல்லை: 5.7-க்குக் கீழே சரி, 6.5-உம் அதற்கு மேலும் நீரிழிவு. அவருடையது 5.9. மற்ற இரண்டு மஞ்சளும் காத்திருக்கலாம், இது காத்திருக்காது என்று மருத்துவர் சொன்னார். மருத்துவர் முதலில் எடுத்தது அரைத் தாளை. பிறகு பதினான்கு பக்கத்தையும் புரட்டினார். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டுமாம்.

அதற்குள் பரிசோதனை நிலையத்தாருக்கு ஒரு விண்ணப்பம். முதல் பக்கமாக ஒரு படம் சேருங்கள். பச்சை எதுவரை, என் புள்ளி எங்கே, போன வருஷம் எங்கே இருந்தது, இவ்வளவு போதும். செலவு கட்டுப்படியாகாது என்றால் இட்லியை நிறுத்திக்கொள்ளுங்கள்.