தண்ணீர் கேட்கும் நெகிழிப் புல்

1965இல் ஹூஸ்டனில் திறக்கப்பட்ட ஆஸ்ட்ரோடோம் என்னும் கூரையிட்ட விளையாட்டரங்கில், ஒளி ஊடுருவும் கூரைத் தகடுகளால் கண் கூசிப் பந்து தெரியவில்லை என்று ஆட்டக்காரர்கள் முறையிட, தகடுகளுக்கு வண்ணம் பூசப்பட்டது; வெயிலிழந்த புல் செத்தது; செத்த தரைக்குப் பச்சைச் சாயம் அடித்து அவ்வாண்டு ஒப்பேற்றப்பட்டது. மறு ஆண்டு மான்சாண்டோ நிறுவனத்தின் நைலான் புல் அங்கு வந்ததும் சாயச் செலவு மிச்சமாயிற்று.

கொலராடோ ஆறு மெலிந்துவரும் நெவாடா மாநிலத்தில் 2021இல் இயற்றப்பட்ட சட்டம், ‘பயனற்ற புல்தரை’க்கு, அதாவது வெட்டுபவரைத் தவிர எவர் காலும் படாத அலங்காரப் புல்லுக்கு, கடைவளாகங்களிலும் குடியிருப்போர் சங்கங்களின் பொதுவிடங்களிலும் 2027 முதல் அவ்வாற்று நீரைப் பாய்ச்சலாகாது என்கிறது, தனிவீட்டு முற்றங்களை மட்டும் அது நாசூக்காகச் சுற்றிக்கொண்டு போகிறது. வறட்சி தாங்கும் செடிகளை நடலாம் என்றாலும், பச்சையை விட மனமில்லாத நிர்வாகக் குழுக்கள் நெகிழிப் புல்லை நாடுகின்றன.

பாலிஎதிலீன் இழைகளை அடித்துணியில் தைத்து, அவை நிமிர்ந்து நிற்க மணலோ பழைய டயர்த் துகளோ தூவப்பட்ட இவ்விரிப்பு, பாலைவெயிலில் 60 பாகை செல்சியஸைத் தாண்டிக் கொதிப்பதால் குளிர்விக்கத் தண்ணீர் கேட்கிறது. நாய்களின் சிறுநீர் நாற்றம் போகவும் கேட்கிறது. உயிர்ப்புல்லாகத் தோன்றவேண்டுமென்று சில ரகங்களில் காய்ந்த பழுப்பு இழைகளும் கலக்கப்படுகின்றன. உயிருள்ள புல்லில் அதே பழுப்பு தலைகாட்டினால் அபராத நோட்டீஸ் அனுப்பும் சங்கம், இதற்கு விலை கொடுக்கத் தயங்குவதில்லை.