சாப்பாட்டு ராமனாகிப்போன மலைக்கடுவன்

ஜெர்மன் மொழியில் ‘ஃபீல்ஃப்ராஸ்’ என்றால் சாப்பாட்டு ராமன். ‘ஃபீல்’ என்பது நிறைய, ‘ஃப்ராஸ்’ என்பது தீனி. மனிதர் உண்பதற்கு ‘எஸ்ஸன்’ என்றும் விலங்கு தின்பதற்கு ‘ஃப்ரெஸ்ஸன்’ என்றும் அங்கே இரண்டு வினைச்சொற்கள் உண்டு. ‘ஃப்ராஸ்’ இரண்டாவதன் உறவு என்பதால், விருந்தாளியை அப்படி அழைப்பது நலம் அல்ல. வடதிசைக் குளிர்க்காடுகளில் திரியும் வுல்வரின் என்ற விலங்குக்கும் ஜெர்மனில் இதுதான் பெயர்.

அந்த விலங்கு இந்தப் பெயருக்காக எதுவும் செய்யவில்லை. நார்வேக்காரர்கள் அதை ‘ஃபியெல்ஃப்ரஸ்’ என்றார்கள், அதாவது மலைக்கடுவன், மலையில் திரியும் ஆண் பூனை. (அது பூனையும் அல்ல, நீர்நாய்க் குடும்பம். அது வேறு வழக்கு.) மென்மயிர்த் தோல் வணிகத்தோடு பெயரும் தெற்கே போனது. ஜெர்மானியக் காதுக்கு மலையும் கேட்கவில்லை, பூனையும் கேட்கவில்லை. ஏற்கெனவே தெரிந்த ‘ஃபீல்ஃப்ராஸ்’தான் கேட்டது. அறிஞர்கள் பரவலாகச் சொல்லும் விளக்கம் இது.

பெயர் வந்தபின் அதற்கேற்ற குணமும் வந்தாக வேண்டுமே. ஸ்வீடன் நாட்டுப் பாதிரியார் ஓலாவுஸ் மாக்னுஸ் 1555இல் ரோமில் வெளியிட்ட நூலில் அதையும் செய்து முடித்தார். இந்த விலங்கு வயிறு மத்தளமாகும்வரை தின்னுமாம்; பிறகு நெருங்கி நிற்கும் இரண்டு மரங்களுக்கிடையே நுழைந்து வயிற்றைப் பிழிந்து காலி செய்யுமாம்; உடனே திரும்பி வந்து மிச்சத்தையும் தின்னுமாம். கிணற்றடியில் துணி பிழிபவர்கூட இவ்வளவு முறையாகச் செய்வதில்லை. 1758இல் உயிரினங்களை வகைப்படுத்திய அறிஞர் லின்னேயஸ் சிற்றினப் பெயராக ‘கூலோ’வைச் சூட்டினார். லத்தீனில் அதுவும் பெருந்தீனிக்காரன்தான். பிற்பாடு பேரினத்துக்கும் அதே பெயர் அமைய, அறிவியலில் அது இன்று ‘கூலோ கூலோ’. ஒரு தடவை திட்டியது போதவில்லை போலும். பிரெஞ்சுக்காரர்கள் தம் பங்குக்கு ‘க்ளூத்தோன்’ என்றார்கள், பொருள் மாறவில்லை.

உண்மையில், செத்த மானின் உறைந்த இறைச்சியையும் எலும்பையும் நொறுக்கும் பற்கள் அதற்கு உண்டு. கிடைத்ததை எல்லாம் ஒரே மூச்சில் தீர்ப்பதில்லை; மிச்சத்தைப் பனிக்குள் புதைத்துவைத்துப் பின்னர் எடுத்துத் தின்னும். குளிர்சாதனப் பெட்டி வைத்துக் குடித்தனம் நடத்தும் பிராணிக்குத் தின்னிமாடன் பட்டம்!

நார்வேக்காரர்கள் இப்போது அதை ‘யெர்வ்’ என்றுதான் அழைக்கிறார்கள். ஜெர்மன் அகராதியிலோ அது இன்னும் தின்றுகொண்டே இருக்கிறது.