மடைக்கு ஆறு வினாடி

அனுப்புநர்:
முனைவர் பட்ட ஆய்வாளர் (பகுதிநேரம்),
இணை அமர்வு 4-ஆ, கடைசி பெஞ்சு.

பெறுநர்:
ஒருங்கிணைப்புக் குழுவினர்,
‘கலை, அறிவியல், வணிகவியல், மேலாண்மை, உடற்கல்வி ஆகியவற்றில் அண்மைக்காலப் போக்குகள்’ – பன்னாட்டுக் கருத்தரங்கம்,
பெயர் குறிப்பிட விரும்பாத தன்னாட்சிக் கல்லூரி.

பொருள்: கருத்தரங்கைச் சிறப்புற நடத்தியமைக்கு நன்றி தெரிவித்தல் மற்றும் சிறு விண்ணப்பம் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அழைப்பிதழ், கட்டண ரசீது, உணவுச் சீட்டு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஐந்து துறைகளின் அண்மைக்காலப் போக்குகள் அனைத்தையும் ஒரே நாளில், அதுவும் காலேஜ் பஸ் கிளம்புவதற்குள் முடித்துக்காட்டிய தங்கள் திறமையை எழுத்தில் பதிவுசெய்வது என் கடமை.

தொடக்க விழா பத்து மணிக்கு என்று அச்சிட்டிருந்தீர்கள். தாளாளர் வந்ததும் பத்து மணி ஆனது. வரவேற்புரை சொன்னவர் மேடையில் இருந்த அனைவரையும் வரவேற்றார். தலைமையுரை சொன்னவர் வரவேற்புரை சொன்னவரைப் பாராட்டினார். வாழ்த்துரைக்கு வந்த ஒவ்வொருவரும் நேரமின்மையைச் சுட்டிக்காட்டி, அதைப் பற்றி விரிவாகப் பேசினார்கள். ஒரே பொன்னாடை மடித்து மடித்துப் பலர் தோளுக்குப் போய்வந்ததாகப் பின்வரிசையில் ஒரு கருத்து நிலவியது, நான் நம்பவில்லை. அரங்கம் நிறைந்திருந்தது. முதலாமாண்டு மாணவிகளுக்கு அன்றைய வருகைப்பதிவு அங்கேதான் என்பதால் யாரும் பாதியில் எழவில்லை. கல்லூரிகளைத் தரமிடும் ‘நாக்’ குழுவுக்காக அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிந்த புகைப்படங்கள் எல்லாக் கோணங்களிலும் எடுக்கப்பட்டன. ஆக, அறிவு எந்த இடத்தில் பரிமாறப்பட்டது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. என்ன பரிமாறப்பட்டது என்பதற்குக் கேட்டரிங் பில் இருக்கிறது.

அடுத்து, திரையில் தோன்றிய மலேசியப் பேராசிரியர். “நான் பேசுறது கேக்குதா?” என்பதைத் தவிர அவர் சொன்ன எதுவும் எங்களை வந்தடையவில்லை. ஆனால் அவரைக் குறைத்து மதிப்பிடுகிறவர்களுக்குக் கணக்குத் தெரியாது. ஆசிரியர்களின் ஆய்வு மதிப்பெண்ணுக்காகப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட அட்டவணையில், மாநில அளவிலான கருத்தரங்கில் கட்டுரை வாசித்தால் 2, தேசிய அளவில் 3, உள்நாட்டிலேயே நடக்கும் பன்னாட்டுக் கருத்தரங்கில் 5. அதாவது வாய் அசைந்து ஒலி வராமல் உறைந்து நின்ற அந்த ஒரு முகம், கட்டுரை கொடுத்த ஒவ்வொரு ஆசிரியருக்கும் இரண்டு மதிப்பெண் கூடுதலாகத் தந்துவிட்டுத்தான் மறைந்தது. அவருக்கு நினைவுப்பரிசு கூரியரில் போயிருக்கும் என்று நம்புகிறேன்.

ஆய்வாளர்களான எங்களுக்கு அந்த மதிப்பெண் கிடையாது. எங்களுக்கு வேறொன்று இருந்தது. மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் இரண்டு கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்தாக வேண்டியிருந்தது. 2022இல் வந்த புதிய விதிகள் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டன. ஆனாலும் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்தப் பொறுப்பில் அதைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன. நாங்களும் பணம் கட்டிக்கொண்டிருக்கிறோம். தங்கள் அழைப்பிதழும் அதே விசுவாசத்தோடு, தேர்ந்தெடுத்த கட்டுரைகள் ‘கேர்’ பட்டியல் இதழில் தனிக் கட்டணத்தில் வெளியாகும் என்கிறது. அந்தப் பட்டியலை மானியக் குழு 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது.

கட்டண விவரத்தில் மாணவர், ஆய்வாளர், ஆசிரியர் ஆகிய வரிசைகளுக்குக் கீழே, ‘நேரில் வர இயலாதோர்’ என்று ஒரு வரிசை கண்டேன். வராமலே வாசிக்கலாம், அதற்குத்தான் கட்டணம் அதிகம். முதலில் நியாயமில்லை என்று நினைத்தேன். தொடக்க விழா முடிந்தபோது அதன் நியாயம் விளங்கியது. நெறியாளர் பெயரை முதலில் போட்டதால் அவருக்கும் ஒரு சான்றிதழ், அதற்கும் ஒரு கட்டணம், அதுவும் சரி. ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு என்று ஒரு தொகை வாங்கியதுதான் கொஞ்சம் யோசிக்க வைத்தது. இந்தியாவில் அந்த எண்ணை அரசு நிறுவனம் இலவசமாகவே தருகிறது. தலையணை கனத்தில் வந்த கட்டுரைத் தொகுப்பில் அந்த எண் மட்டும் பிழையில்லாமல் இருந்தது. முன்னுரை போன வருடத்துத் தொகுப்பில் உள்ளதேதான். ஆண்டை மாற்றியிருந்தீர்கள்.

இந்தத் தொகுப்பைப் புரட்டும்போது 2005இல் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்கள் மூவர், கணினி நிரல் தானாகக் கோத்துக் கொடுத்த அர்த்தமில்லாத கட்டுரை ஒன்றை ஓர்லாண்டோவில் நடக்கவிருந்த மாநாட்டுக்கு அனுப்பினார்கள். கட்டுரை ஏற்கப்பட்டது. குட்டு வெளிப்பட்டதும் மாநாட்டார் கதவைச் சாத்திவிட, மாணவர்கள் அதே ஹோட்டலில் இடம் பிடித்துத் தனி அமர்வு நடத்தினார்கள். தங்களிடம் அனுப்பியிருந்தால் அவர்களுக்கு அந்த அலைச்சல் இருந்திருக்காது. பணம் கட்டிய எவரையும் தாங்கள் கைவிட்டதில்லை.

இனி என் அமர்வு. என் கட்டுரை தென் மாவட்டக் கண்மாய்களில் மடை திறந்து வயலுக்கு வயல் தண்ணீர் பகிர்ந்துகொடுக்கும் நீர்க்கட்டிகளைப் பற்றியது. ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று ஊர் சொல்லும் ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்க் கரையில் நடந்து சேகரித்தது. ஒதுக்கிய நேரம் ஐந்து நிமிடம். மடைக்கு ஆறு வினாடி என்று பிரித்துக்கொண்டு தயாராகத்தான் வந்தேன். மதியச் சாப்பாடு முடிந்து அமர்வு தொடங்கியபோது ஐந்து இரண்டாகியிருந்தது. பென் டிரைவ் திறக்கவே ஒரு நிமிடம் போயிற்று.

அமர்வுத் தலைவர் வணிகவியல் பேராசிரியர், நல்ல மனிதர். “இன்ட்ரோ வேண்டாம்மா, கன்க்ளூஷன் மட்டும் சொல்லுங்க” என்றார். பல ஊர்களில் இந்த வேலை தலைமுறை தலைமுறையாகப் பட்டியல் சாதிக் குடும்பங்களிடம் இருப்பதையும், கூலி நெல்லாக அளக்கப்படுவதையும், கண்மாயை நடத்துகிறவர்களுக்கு அதன் நிர்வாகத்தில் குரல் இல்லாததையும் காட்டும் ஸ்லைடு வந்தது. “இது கொஞ்சம் சென்சிடிவ், அடுத்தது போங்க” என்றார். அடுத்தது ‘நன்றி’ ஸ்லைடு. பிறகு கேள்வி நேரம்.

“சாம்பிள் சைஸ் எவ்வளவு?”

சொன்னேன்.

“எஸ்.பி.எஸ்.எஸ். போட்டீங்களா?”

அந்தப் புள்ளியியல் மென்பொருளைப் போடவில்லை என்றேன். கிழவர்கள் திண்ணையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் சொன்ன கதையை எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்று எனக்குத் தெரியவில்லை. “அடுத்த தடவை போடுங்க, பேப்பர் நல்லா வரும்” என்றார். கைதட்டினார்கள். எனக்கு அடுத்தவர் ஏற்கெனவே மைக் பக்கத்தில் வந்து நின்றிருந்தார்.

இங்கே ஒரு விதிமீறலைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. சான்றிதழுக்காகக் காத்திருந்தபோது டீ வரிசையில் ஒரு வேதியியல் மாணவி என்னிடம் பேச்சுக் கொடுத்தாள். இலைச்சாற்றில் நானோ துகள் செய்கிறவள். அவளுக்கும் இரண்டு நிமிடம்தான் கிடைத்ததாம். “அக்கா, கண்மாய் பெருகாத வருஷம் கடைமடைக்காரங்களுக்கு விளைச்சலே இருக்காதே, அப்ப நீர்க்கட்டிக்கு நெல்லு யாரு அளப்பாங்க?” என்று கேட்டாள். என் நான்காம் இயலில் அதற்குப் பதில் இல்லை. நெறியாளரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. டம்ளர் ஆறும்வரை பேசிக்கொண்டிருந்தோம். இந்தக் கலந்துரையாடல் நிகழ்ச்சி நிரலில் இல்லை. தலைவர் இல்லை, பேனர் இல்லை, புகைப்படம் இல்லை. ஆகவே இது எந்த அளவுகோலின் கீழும் வராது என்பதை உணர்கிறேன். தயவுசெய்து பின்னேற்பு வழங்கி ஆவன செய்யவும்.

கடைசியாக என் விண்ணப்பம். பேருந்துக்கு ஓடும் அவசரத்தில் வாங்கிய சான்றிதழை வீட்டுக்கு வந்துதான் பிரித்தேன். பெயர் என்னுடையது. தலைப்பு, ‘மாவட்டத்தில் வங்கி வாடிக்கையாளர்களின் மனநிறைவு – ஓர் ஆய்வு.’ விசாரித்ததில், நேரில் வர இயலாதோரின் சான்றிதழ்களில் ஒரு பிழைகூட இல்லை என்று அறிந்து மகிழ்ந்தேன்.

திருத்தம் கேட்கவில்லை. திருத்தத்துக்கும் கட்டணம் இருக்கும். என் பல்கலைக்கழகத்தில் தலைப்பை யாரும் படிக்கப்போவதில்லை, முத்திரையைத்தான் பார்ப்பார்கள். ஆனால் வங்கி வாடிக்கையாளரை ஆராய்ந்த அந்த நண்பர் கையில் இப்போது என் கண்மாய் இருக்கும். எந்த நேர்முகத் தேர்விலாவது யாராவது அதைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்டுவிட்டால் பாவம், திணறிப்போவார். மடை நாற்பத்தெட்டு, கூலி நெல், எஸ்.பி.எஸ்.எஸ். போடவில்லை என்ற மூன்றையும் அவருக்குத் தெரிவித்துவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வங்கி வாடிக்கையாளர் மனநிறைவு ஆய்வாளர்
(சான்றிதழின்படி)