உற்சாகம் ஓடினால் என்ன?

மூன்று நாள் எலியட்ஸ் கடற்கரையில் நடக்கிறேன். நான்காம் நாள் உற்சாகம் ஓடிப்போய்விடுகிறதே! (வாசகர், அடையாறு)

அது ஓடினால் ஓடட்டும். நீங்கள் நடங்கள்!

உற்சாகமே இல்லாமல் ஒரே வேலையை எத்தனை நாள்தான் செய்வது? (வாசகி, காந்தி நகர்)

உங்கள் பக்கத்திலிருக்கும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைப் பாருங்கள். 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 12 படுக்கைகளோடு தொடங்கியது. கைக்கு வந்த அரசு வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அங்கே போனவர் டாக்டர் சாந்தா. 1955இல் வளாகத்துக்குள்ளேயே குடியும் போனார். புற்றுநோய் என்றாலே ஊர் நம்பிக்கை இழந்துவிடும் காலம் அது. உற்சாகத்தை எங்கே தேடுவது? ஆனால் விடிந்தால் வார்டில் நோயாளி காத்திருப்பார். 2021 ஜனவரியில், 93 வயதில் மறையும் வரை அந்த மருத்துவமனைதான் அவருக்கு வீடு.

உங்களுக்காக யாராவது காத்திருக்கும்படியான வேலை ஒன்றை ஏற்றுக்கொள்ளுங்கள் அம்மா, கால் தானாக எழுந்துவிடும்.

சாந்தாவுக்குப் பத்மஸ்ரீ வந்தது 1986இல், வளாகத்துக்குக் குடிவந்து 31 ஆண்டு கழித்து. கைதட்டல் கேட்டால்தான் எழுந்திருப்பேன் என்று அவர் படுத்திருந்தால்?