சான்றிதழ் பெற்ற நிருபர்

ராதாபுரத்துக்காரர்களிடம் சான்றொப்பம் என்ற சமாசாரத்தை அலட்சியமாகப் பேசிவிடக் கூடாது. 2016 சட்டமன்றத் தேர்தலில் இத்தொகுதியின் வெற்றி தோல்வி 49 வாக்குகளில் நிர்ணயமாகி, தபால் வாக்குகளில் பள்ளித் தலைமையாசிரியர் இட்ட சான்றொப்பம் செல்லுமா செல்லாதா என்ற விவகாரம் நீதிமன்றம் வரை போய், டீக்கடைப் பெஞ்செல்லாம் சட்ட விசாரணை நடந்த ஊர் இது. இப்பேர்ப்பட்ட ஊரில், பத்திரிகைத் துறையில் இளநிலைச் சான்றிதழ் பெற்ற நம் நண்பர் சற்று நிமிர்ந்து நடப்பதை யார்தாம் குறை சொல்ல முடியும்?

பட்டப் படிப்பில் ஒரு வருஷத்தோடு விலகிக்கொள்கிறவருக்கும் சான்றிதழ் உண்டு என்று 2020-ஆம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கை வகை செய்திருப்பது, திருநெல்வேலிக்கு டிக்கெட் வாங்கி பஸ் ஏறியவர் நாங்குநேரியில் இறங்கினாலும் மாலை போட்டு வரவேற்பதற்கு ஒப்பான பெருந்தன்மை. அதன் நேரடிப் பயனாளி நம் நண்பர். கண்ணாடிச் சட்டமிட்ட அந்தக் காகிதத்துக்குத் தோதான ஆணி தாத்தாவின் படத்துக்கு உரியதாக இருந்தபடியால், தாத்தா பிளாஸ்டிக் மாலையும் சீரியல் விளக்குமாக அடுக்களைக்கு மாற்றலாகிப் போனார்.

நெல்லைச் சீமை பத்திரிகைக்காரர்களின் விளைநிலம். எட்டயபுரத்துப் பாரதி 1904-ல் சுதேசமித்திரனில் உதவியாசிரியராக அமர்ந்தார், தென்காசிக்காரரான டி. எஸ். சொக்கலிங்கம் 1934-ல் தினமணிக்கு முதல் ஆசிரியரானார். காயாமொழி ஆதித்தனார் 1942-ல் தினத்தந்தியைத் தொடங்கினார். சென்னைச் சர்வகலாசாலையில் பத்திரிகைப் படிப்பு 1947-ல்தான் உதயமாயிற்று என்பதை நினைவூட்டி, "இவர்களெல்லாம் எந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு எழுதினார்கள்?" என்று ஒருநாள் கேட்டேன். நண்பர் முகத்தில் உண்மையான அனுதாபம் படர்ந்தது.

"பாவம், அவுக காலத்துல கோர்ஸ் இல்லல்லா!"

அவருடைய வித்தையின் ஆழத்தை நான் கண்ணாரக் கண்டது ஒரு சித்திரை மாதத்து மத்தியானம். பனையோலை விசிறியும் கையுமாகத் திண்ணையில் நாங்கள் அமர்ந்திருக்க, அவருடைய ஆச்சி மூச்சிரைக்க ஓடிவந்து, "ஏலே, அத்தை வீட்டு மாடு கெணத்துல விழுந்துட்டுல!" என்று அலறினார். நான் எழுந்துவிட்டேன். நண்பர் எழவில்லை, சட்டைப் பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்து, பேனாவின் மூடியைக் கழற்றிப் பின்பக்கத்தில் செருகிக்கொண்டார்.

"நீங்க நேர்ல பாத்தியளா ஆச்சி? இல்ல, யாரும் சொன்னாவளா?"

"மாடு கத்துத சத்தம் இங்கன வரைக்கும் கேக்குல்லாலே!"

"அது மாட்டுத் தரப்பு. அத்தை என்ன சொல்லுதாவ? ரெண்டு தரப்பும் வேணும்."

யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறு வினாக்களில் அவர் நான்காவதை எட்டுவதற்குள், தெருவே கயிறும் கையுமாகத் திரண்டுவிட்டது. வள்ளியூர்த் தீயணைப்பு வண்டியும் வந்து சேர்ந்து, நல்லவேளையாகத் தண்ணீர் முழங்காலளவே கிடந்த அந்தக் கிணற்றிலிருந்து, கொம்பில் ஒரு சிராய்ப்போடு மாடு கரையேறிற்று. முக்கியமானதை முதலில் சொல்லிக்கொண்டு போகும் தலைகீழ்ப் பிரமிட் முறையில் நண்பர் அன்றிரவு பதினோரு மணி வரை எழுதினார். மாடு முக்கியமா, கிணறு முக்கியமா என்பதில் முதல் வாக்கியம் ஐந்து முறை அடிபட்டது.

மறுநாள் காலைப் பத்திரிகையில் அச்செய்தி நான்கு வரியில் வெளிவந்திருந்தது. அனுப்பியவர் பஸ் நிலையத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கு விடைகொடுத்தவர். நண்பர் அதை ஓரம் பிசகாமல் கத்தரித்து, வெள்ளைத் தாளில் ஒட்டி, சிவப்பு மையை எடுத்து விளிம்பில் 'ஏன்?' என்று எழுதினார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, மாட்டைப் பார்க்க அத்தை வீட்டுக்குக் கிளம்பினார்.